பத்தாவது மாடியில் வெள்ளைத் துணி

சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு சிப். அதை பாட்டில் ராக்கெட்டின் மூக்கில் வைத்து ஒட்டிவிடுகிறார்கள். ராக்கெட் மேலே போய்க் கீழே விழுந்ததும் எத்தனை மீட்டர் ஏறியது என்று கைப்பேசியில் வந்துவிடுகிறது. அண்ணாந்து பார்க்கக்கூட வேண்டியதில்லை.

நான் வேலை பார்த்த பள்ளியில் போன மாதம் விழா என்று கூப்பிட்டிருந்தார்கள். முன் வரிசையில் உட்கார வைத்து இதைத்தான் காட்டினார்கள். நல்ல சாமான், குறை சொல்ல ஒன்றுமில்லை. பக்கத்தில் இருந்த தமிழ் டீச்சர், "ஆன்ட்டி, உங்க காலத்துல இது இல்லையே, எவ்வளவு உயரம் போச்சுன்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டார். சொன்னேன். பாதி கேட்டதுமே, இதை எழுதிக் கொடுங்கள், பள்ளி மலரில் போடலாம் என்றார். நான் தமிழ்ப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன், நேரமாகும். நேரம் இருக்கிறது. பிழையை டீச்சர் பார்த்துக்கொள்வார்.

ஒரே ஒரு பயம் உண்டு. இதை ஹமீது அண்ணனும் கேட்கப் போகிறார். அவருக்கு இப்போது கண் அவ்வளவாகத் தெரிவதில்லை, மகள் படித்துக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறாள். எங்கேயாவது 'சுமார்' என்று எழுதினால் அந்த இடத்திலேயே நிறுத்தச் சொல்லுவார்.

நான் தேக்காவில் பிறந்து வளர்ந்தவள். மார்க்கெட்டுக்குப் பின்னால்தான் வீடு. என் கடைசிப் பிள்ளை பள்ளிக்குப் போக ஆரம்பித்த பிறகு, ஒரு உயர்நிலைப் பள்ளியில் கூட்டித் துடைக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். மாடிப்படி, கழிவறை, கடைசியில் சயின்ஸ் லேப். லேபுக்குப் பொறுப்பாளர்தான் ஹமீது அண்ணன். அவர்கள் குடும்பம் நாகூர்ப் பக்கம். அப்பா காலத்தில் இங்கே வந்து சிராங்கூன் ரோட்டில் துணிக்கடை வைத்திருந்தார்கள். இவர் மட்டும் கடைக்குப் போகாமல் கண்ணாடிக் குடுவைகளோடு வாழ்க்கையை ஓட்டினார்.

ஒரு நாள் தொட்டியில் கிடந்த குடுவைகளையும் கழுவி, கவிழ்க்காமல் சாய்த்து வைத்துவிட்டு வந்தேன். மறுநாள் கூப்பிட்டு, "இப்படி வைக்க யார் சொல்லிக் கொடுத்தா?" என்று கேட்டார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். ஒருத்தரும் இல்லண்ணே, வீட்டில் பால் செம்பை இப்படித்தான் வைப்போம், கவிழ்த்தால் உள்ளே ஈரம் நிற்கும், வாடை வரும் என்றேன். அந்த வாரமே பிரின்சிபலிடம் போய் என்னை லேப் அட்டெண்டன்டாகக் கேட்டு வாங்கிக்கொண்டார். என் வாழ்க்கையில் என்னைக் கேட்டு வாங்கிய முதல் ஆள் அவர்தான். என் வீட்டுக்காரரைக்கூட எங்கப்பாதான் தேடிப் போய்க் கேட்டார்.

பயிற்சி என்று சொல்ல அதிகம் இல்லை. இங்கிலீஷ் எழுத்து எனக்குப் படம் மாதிரி. எந்தப் படம் எந்தச் சீசா என்று மனதில் ஏற்றிக்கொண்டேன். ஆசிட்டில் தண்ணீர் ஊற்றாதே, தண்ணீரில் ஆசிட்டை ஊற்று. பர்னர் அணைந்ததா என்று பார்க்காதே, குழாய் மூடியிருக்கிறதா என்று பார். இப்படியே வருஷங்கள் போய்விட்டன.

அண்ணன் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. ஆனால் யாராவது 'கிட்டத்தட்ட' என்று சொன்னால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். "கிட்ட எவ்வளவு, தட்ட எவ்வளவு?" என்பார். தமிழ்ப் பிள்ளைகள் அவர் முதுகுக்குப் பின்னால் இதைச் சொல்லிச் சிரிக்கும். அவருக்கும் தெரியும்.

வருஷம் ஒரு தடவை ராக்கெட் நாள் வரும். பெரிய குளிர்பான பாட்டில்தான் ராக்கெட். அட்டையில் மூக்கு, பக்கத்துக்கு ஒரு இறக்கை. உள்ளே தண்ணீர் ஊற்றி, தலைகீழாகத் தாங்கியில் மாட்டி, சைக்கிள் பம்பால் காற்றடிப்பார்கள். கயிற்றை இழுத்தால் தண்ணீரைப் பீச்சிக்கொண்டு கிளம்பும். ஒவ்வொரு பாட்டிலையும் அண்ணன் கட்டைவிரலால் தடவிப் பார்ப்பார். கீறல் இருந்தால் அவ்வளவுதான், குப்பைக்குப் போய்விடும். பம்பின் முள் சிவப்புக் கோட்டைத் தாண்டக் கூடாது. அந்தக் கோடு அவர் போட்டது.

எது உயரமாகப் போனது என்று பார்க்க எங்களுக்கு ஒரு வழி இருந்தது. திடலுக்கு அந்தப் பக்கம் பன்னிரண்டு மாடி ப்ளாக் ஒன்று நிற்கிறது. வீவக வீடுகள், அரசாங்கம் கட்டியவை. பிள்ளைகள் திடலின் இந்த ஓரத்தில் நின்று, ராக்கெட் எந்த மாடிக்கு நேராகத் தெரிகிறது என்று எண்ணுவார்கள். எட்டு, ஒன்பது, பத்து என்று கூச்சல் ஏறிக்கொண்டே போகும். ஒரு வருஷம் பன்னிரண்டு என்று கத்தி, பரிசும் வாங்கிவிட்டார்கள். பிரின்சிபல் காலைக் கூட்டத்தில் நம் பள்ளி ராக்கெட் பன்னிரண்டாவது மாடியைத் தொட்டது என்று மைக்கில் சொன்னார். எல்லாரும் கை தட்டினோம். அண்ணன் மட்டும் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார்.

அந்த வாரமே லிம் அங்கிள் வந்தார். அதே ப்ளாக்கில் பத்தாவது மாடி, காரிடார் ஓரத்து வீடு. டாக்சி ஓட்டி ஓய்வு பெற்றவர். கையில் மூங்கில் கூண்டு ஒன்று, அதன் கதவு உடைந்து தொங்கியது. உள்ளே ஒன்றும் இல்லை. மாத்தா புத்தே என்று மலாயில் சொல்வார்கள், கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்ட சின்னப் பச்சைக் குருவி. அதைக் காரிடாரில் தொங்கவிட்டு வளர்த்திருக்கிறார். ராக்கெட் நாளன்று பாட்டில் வந்து கூண்டில் அடித்தது, கதவு திறந்தது, குருவி போய்விட்டது என்றார்.

அந்தப் பாட்டில் ப்ளாக் அடியில் சாக்கடையில் கிடந்தது. நம்முடையதுதானா என்று பார்க்க அண்ணனையும் என்னையும் ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். மூக்கு நசுங்கியிருந்தது. எங்கள் பாட்டில்தான். அது சாக்கடைக்கு வந்தது சரி, பத்தாவது மாடிக்குப் போயிருக்காது என்றார் பிரின்சிபல். பொல்லாதவர் இல்லை, பள்ளியின் பேரைப் பார்த்தார்.

லிம் அங்கிள் மேசைமேல் கூண்டை வைத்தார். "உங்க பிள்ளைங்கதானே பன்னிரண்டாவது மாடின்னு கத்தினாங்க? பரிசுக்குப் பன்னிரண்டு, புகாருக்கு மட்டும் கொறைச்சலா?" என்றார்.

அவர் போன பிறகு பிரின்சிபல் கதவைச் சாத்தினார். நம் ராக்கெட்தான் அவ்வளவு உயரம் போனது என்றால் யாராவது பதில் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று அண்ணனைப் பார்த்துச் சொன்னார். அண்ணனுக்கு ஓய்வு வயது தாண்டியிருந்தது. வருஷா வருஷம் கையெழுத்துப் போட்டுத்தான் வேலையை நீட்டித்தார்கள், அந்த வருஷத்துக் கையெழுத்து இன்னும் விழவில்லை. கடைசி மகள் யூனிவர்சிட்டியில் படித்துக்கொண்டிருந்தாள். இதெல்லாம் அந்த அறையில் இருந்த எல்லாருக்கும் தெரியும். அண்ணன் சொன்னது இவ்வளவுதான்: "எவ்வளவு உயரம் போகுதுன்னு முதல்ல தெரிஞ்சுக்குவோம் மேடம். அப்புறம் பதில் சொல்றேன்."

லேபுக்குத் திரும்பியதும் என் வயிற்றெரிச்சலைக் கொட்டினேன். பன்னிரண்டாவது மாடியைத் தொட்டதை ஊரே பார்த்ததே, இனி எப்படித் தப்பிப்பது என்றேன்.

"அது தொடல தங்கச்சி. தீப்பெட்டிய கண்ணுக்குக் கிட்டப் பிடிச்சா உங்க கோயில் கோபுரத்தையே மறைக்கும். அதுக்காக ரெண்டும் ஒரே ஒசரமா?" என்றார்.

ராக்கெட் நமக்குக் கிட்டே, ப்ளாக் தூரத்தில். கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் கிட்டே உள்ளது இல்லாத உயரத்தைக் காட்டும். அப்படியானால் எங்கே நின்று பார்ப்பது? அதன் உயரத்திலேயே நின்று பார்க்க வேண்டும் என்றார். "ஏறிட்டுப் பார்த்தா அது உனக்கு மேல. குனிஞ்சு பார்த்தா கீழ. ரெண்டும் இல்லாம நேராப் பார்த்தா, நீ நிக்கிற ஒசரம்தான் அதோட ஒசரம். அது கிட்ட இருந்தாலும் சரி, தூர இருந்தாலும் சரி."

இது போதாதா என்று நினைத்தேன். அவருக்குப் போதவில்லை. நேராகப் பார்க்கிறேன் என்று மனிதன் நினைத்துக்கொள்வான், கழுத்து கொஞ்சம் ஏறியிருக்கும் என்றார். அதனால் தட்டையான கண்ணாடிச் சீசாக்களை எடுத்தோம். பாதிக்குத் தண்ணீர், ஒரு சிட்டிகை பெர்மாங்கனேட். கத்திரிப்பூ நிறம் வந்துவிடும். சீசாவை முகத்துக்கு எதிரே பிடிக்க வேண்டும். தண்ணீரின் மேல்பரப்பு தட்டு மாதிரித் தெரிந்தால் கண் சரியான இடத்தில் இல்லை. ஏற்றி இறக்கி, தட்டு மறைந்து நூல் மாதிரி ஒரே கோடாகத் தெரியும்போது நிறுத்த வேண்டும். அந்தக் கோட்டின் வழியாகப் பார்ப்பதுதான் நேர்ப் பார்வை. உலகத்தில் எங்கே கொண்டுபோய் வைத்தாலும் தண்ணீர் மட்டமாகத்தான் நிற்கும் என்பார்.

சோதனை நாளன்று, குடியிருப்பாளர்களிடம் சொல்லிவிட்டு, அஞ்சாவது மாடியிலிருந்து பன்னிரண்டுவரை மாடிக்கு ஒருவராக நிறுத்தினார். மேல் வகுப்புப் பிள்ளைகள்தான். ஆளுக்கு ஒரு சீசா, ஒரு வெள்ளைத் துணி. காரிடார் சுவரில் எதையும் வைக்கக் கூடாது, சீசாவை ராஃபியாக் கயிற்றால் மணிக்கட்டில் கட்டிக்கொள்ள வேண்டும். மேலே போகும் எதுவும் இறங்கும் முன்னால் ஒரு கணம் நிற்கும். அந்த நிற்கிற இடம் கோட்டிலோ கோட்டுக்கு மேலேயோ இருந்தால் துணியை உயர்த்து. கோட்டுக்குக் கீழேயே நின்று திரும்பினால் உயர்த்தாதே. கீழே திடலிலிருந்து பார்த்தால் துணி ஏறிய மாடிகளிலேயே மேல் மாடி எதுவோ அதுதான் ராக்கெட் போன உயரம்.

பத்தாவது மாடிக்கு மட்டும் பிள்ளைகள் வேண்டாம், பெரியவர் யாராவது வரட்டும் என்று லிம் அங்கிள் சொல்லிவிட்டார். அண்ணன் என் கையில் சீசாவைக் கொடுத்தார்.

நான் போனபோது அவர் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். கூண்டு பழைய கொக்கியிலேயே தொங்கியது. கோப்பி குடிக்கிறாயா என்று கேட்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

முதல் ராக்கெட் பாதித் தண்ணீரோடு கிளம்பியது. சீறல் எல்லாம் தரையோடு சரி, மேலே வரும்போது சத்தமே இல்லை. என் கோட்டுக்கு நன்றாகக் கீழே வந்து, நின்று, தலை சாய்ந்து விழுந்தது. எட்டிப் பார்த்தேன். எட்டாவது மாடிவரை துணிகள் ஆடின. ஒன்பதில் இல்லை. இரண்டாவதும் எட்டு. மூன்றாவதும் எட்டு. திடலில் இருந்த பிள்ளைகள் பழக்கத்தில் ஒவ்வொரு தடவையும் பன்னிரண்டு என்று கத்தினார்கள். பிரின்சிபல் திரும்பிப் பார்த்ததும் அடங்கினார்கள். அவர் முகம் தெளிந்ததைப் பத்தாவது மாடியிலிருந்தே பார்க்க முடிந்தது. எனக்கும் நெஞ்சில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அண்ணன் தப்பித்தார்.

லிம் அங்கிள் எழுந்து ஸ்டூலை மடக்கினார். அவருக்கு இங்கிலீஷும் மலாயும் கலந்த பேச்சு. எனக்கும் அதுதான். "போதும் அக்கா. என் மகன் சொன்னதுதான் சரின்னு ஆயிடுச்சு லா," என்றார்.

மகன் என்ன சொன்னார் என்று கேட்டேன். கூண்டை அவரே திறந்துவிட்டு மறந்திருப்பார் என்று மகன் சொன்னாராம். மருமகளும் சேர்ந்துகொண்டாளாம். அடுப்பை அணைக்க மறந்துவிடப் போகிறார் என்று அன்றிலிருந்து அடுப்பைத் தொடவிடுவதில்லை. டாக்டரிடம் கூட்டிப் போக நாள் வாங்கியிருக்கிறார்கள். "எனக்குக் குருவிக்குப் பதில் குருவி வேண்டாம். பாட்டில் வந்ததை நான் கண்ணால பார்த்தேன்," என்றார்.

அதுவரை அவர் பள்ளியைப் பிடித்து ஆட்டுகிற ஆள் என்றுதான் நினைத்திருந்தேன்.

கீழே எல்லாரும் சாமான்களைக் கட்டத் தொடங்கிவிட்டார்கள். அண்ணன் மட்டும் தாங்கியை விட்டு நகரவில்லை. நான்காவது பாட்டிலைக் கையில் எடுத்தார். எடுத்து, அதிலிருந்த தண்ணீரைப் புல்லில் ஊற்றினார், கால் பங்குக்குக் கொஞ்சம் மேலே நிற்கும்வரை. எனக்குச் சட்டென்று விளங்கியது. சிவப்புக் கோடு காற்றுக்கு மட்டும்தான். தண்ணீருக்குக் கோடே இல்லை. ராக்கெட் நாளன்று பிள்ளைகள் இஷ்டப்படி ஊற்றினார்கள். பாதித் தண்ணீர் கனம். குறைத்தால் இன்னும் ஏறும். அது அவருக்குத் தெரியாதா? தெரிந்துதான் ஊற்றுகிறார். பிரின்சிபல் பக்கத்தில் வந்து என்னவோ சொன்னார். அண்ணன் முடியாது என்று தலையை ஆட்டிவிட்டுப் பம்பைப் பிடித்தார்.

"அங்கிள், இன்னும் ஒண்ணு இருக்கு," என்றேன்.

அவர் வந்து என் தோளோரம் நின்றார். நான் குள்ளம். சீசாவின் வழியாகப் பார்க்க அவர் நன்றாகக் குனிய வேண்டியிருந்தது. தட்டு மறைந்து நூல் வந்தது.

ஏறியது. எட்டைத் தாண்டியது, ஒன்பதைத் தாண்டியது. எங்கள் முகத்துக்கு நேரே, கத்திரிப்பூ நிறக் கோட்டின்மேல் வந்து நின்றது. மூக்கில் ஒட்டியிருந்த பச்சை டேப்பைக்கூடப் பார்த்தேன். அப்புறம் விழுந்தது.

"நம்பாக்?" என்றார் லிம் அங்கிள். தெரிந்ததா என்று மலாயில் கேட்டார்.

நான் கீழே எட்டிப் பார்த்தேன். ஒன்பதாவது மாடியில் துணி ஏறியிருந்தது. மேலே பார்த்தேன். பதினொன்றில் ஏறவில்லை. நடுவில் நான். என் துணி ஏறாவிட்டால் ஒன்பது மாடி என்று ஆகிவிடும், பத்தாவது மாடிக் கூண்டுக்கும் எங்களுக்கும் சம்பந்தம் இல்லாமல் போய்விடும். அங்கிள் பார்த்தேன் என்று சொன்னால் யார் கேட்பார்கள்? அவர்தான் மறதிக்காரர் ஆயிற்றே. என்னைக் கேட்டு வாங்கிய மனிதர் கீழே திடலில் கழுத்தை நிமிர்த்தி என் மாடியைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய வேலை என் கைக்குள் கசங்கிக் கிடந்தது.

"நம்பாக், அங்கிள்," என்றேன். துணியை உயர்த்தினேன். திடலுக்குத் தெரியும்படி நன்றாகவே உயர்த்தினேன்.

அவர் உள்ளே போய்க் கோப்பி கலந்து கொண்டுவந்தார். அடுப்பை அவரே பற்ற வைத்தார். மருமகள் அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள், தடுக்கவில்லை.

பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கேட்பீர்கள். அண்ணன் பிரின்சிபலிடம், நம் பாட்டில் அங்கே போகாது என்று சொல்ல நமக்கு வாய் இல்லை, தண்ணீருக்குக் கோடு போடாதது என் தப்பு என்று சொன்னார். அவருக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. ஆனால் கையெழுத்தும் விழுந்தது. தனக்கு எதிராகத் தானே நாலாவது ராக்கெட் விட்ட ஆளை நான் எப்படி அனுப்புவேன் என்று பிரின்சிபல் ஸ்டாஃப் ரூமில் சொன்னாராம். லிம் அங்கிள் வீட்டுக்குப் பிரின்சிபலே நேரில் போய், மகனும் மருமகளும் இருக்கும்போது மன்னிப்புக் கேட்டார். டாக்டரிடம் வாங்கிய நாள் ரத்தானது. அடுத்த வருஷத்திலிருந்து ராக்கெட் நாள் ப்ளாக்கை விட்டுத் தள்ளி, திடலின் மறு கோடியில் நடந்தது. பாட்டிலிலும் ஒரு சிவப்புக் கோடு வந்தது. எவ்வளவு தள்ளிப் போனாலும் நேர்ப் பார்வை மாறாது என்பதால் மாடி மாடியாகச் சீசா பிடிப்பது மட்டும் நிற்கவில்லை. பத்தாவது மாடிச் சீசா லிம் அங்கிள் கையில்தான், அவர் இருந்தவரைக்கும். கூண்டை எடுத்துவிட்டு, அந்தக் கொக்கியில்தான் துணியை மாட்டி வைத்திருப்பார்.

நான் ஓய்வு பெற்று வெகு காலம் ஆகிவிட்டது. அந்தப் பள்ளிக்கும், அந்தப் பிரின்சிபலுக்கும், பத்தாவது மாடிக் கோப்பிக்கும் நான் நன்றி சொல்ல வேண்டும். அண்ணனுக்கு நன்றி சொன்னால் மூக்குக் கண்ணாடியைத் துடைப்பார். அதனால் நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

அன்று நான் லிஃப்டில் இறங்கி ப்ளாக்கின் திறந்த கீழ்த்தளமான வாய்ட் டெக்கைத் தாண்டித் திடலுக்கு வந்தபோது எனக்கு அண்ணன் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை. பிள்ளைகள் பம்பைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். நான் மணிக்கட்டுக் கயிற்றை அவிழ்க்கிற மாதிரி குனிந்துகொண்டே நின்றேன். அவர்தான் கிட்டே வந்தார்.

"தங்கச்சி, ஏறிட்டுப் பார்த்தியா, குனிஞ்சு பார்த்தியா?"

"நேராப் பார்த்தேண்ணே."

"அப்ப சரி. சீசாவக் கொண்டா, கறை பிடிக்கிறதுக்குள்ள கழுவணும்," என்றார்.

லேபுக்குப் போய்க் கழுவினேன். கழுவி, கவிழ்க்காமல் சாய்த்து வைத்தேன்.